தலைக்கு ஊத்திக்கின நாள்

எங்கள் வீட்டில் ஈரத்தலை என்பது செய்தி. நான் துண்டு சுற்றிய தலையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தால், அடுப்படியில் நிற்கும் என் மாமியார் முதலில் என் தலையைப் பார்ப்பார். அப்புறம் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பார்ப்பார். என் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

மாதவிடாய் வந்தால் ஐந்தாம் நாள் காலையில் தலைக்குக் குளிக்கவேண்டும், குளித்தபிறகுதான் பூஜை அலமாரியைத் தொடலாம் என்பது பாண்டிச்சேரி மூலக்குளத்தில் நான் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டின் சட்டம். குளித்த கையோடு குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டு, காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு பொட்டு வைக்கவேண்டும். நான் மறந்தால் அத்தையே வைத்துவிடுவார். மாதவிடாய் என்ற சொல்லை அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. "தலைக்கு ஊத்திக்கினியா?" என்பதுதான் கேள்வி. ஊத்திக்கொண்டால் அந்த மாதம் ஒன்றுமில்லை. ஊத்திக்கொள்ளவில்லை என்றால் விசேஷம்.

கல்யாணமான முதல் ஆறு வருடம் இதெல்லாம் என்னைப் பாதிக்கவில்லை. காரணம், நான் கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். பாண்டிச்சேரி அரசாங்கத்தில் வேலை என்றால் பாண்டிச்சேரியில் வேலை என்று நம்பித்தான் என் அப்பா பெண் கொடுத்தார். கல்யாணமான மறுமாதம் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து மாஹே. கேரளத்துக்குள் ஒரு கையளவு ஊர், அதுவும் நம் அரசாங்கத்துக்குச் சொந்தமாம். மாதத்தில் நான்கு நாள் வந்துபோகிற புருஷனை வைத்துக்கொண்டு பிள்ளை எதற்கு, அவர் ஊருக்கே வந்துவிடட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். அந்த இடமாற்றம் இன்றுவரை வரவில்லை.

மாத்திரை அட்டையை அத்தை ஒருநாள் பீரோவில் பார்த்துவிட்டார். "ரத்தம் ஊற மாத்திரை" என்றேன். முழுப் பொய் இல்லை. அட்டையில் வெள்ளை மாத்திரை இருபத்தொன்று, பழுப்பு மாத்திரை ஏழு. பழுப்பு ஏழும் வெறும் இரும்புச்சத்துதான். பழுப்பு மாத்திரையைத் தொட்ட மூன்றாம் நாள் எனக்கு மாதவிடாய் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் மற்ற பெண்கள் நாள் தப்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், "எனக்கெல்லாம் கடிகாரம்" என்று பெருமை பேசியிருக்கிறேன். அத்தை என் கையைப் பிடித்து அரசமரத்தைச் சுற்ற வைத்தார். நானும் வயிற்றில் மாத்திரையோடு சுற்றினேன். அதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முப்பத்துநான்கு வயதானது. இனி மாஹேயை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஒருநாள் போனிலேயே முடிவு செய்து, இருந்த அட்டையை முடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தியதும் வழக்கம்போல ரத்தம் வந்தது, நின்றது, தலைக்கு ஊத்திக்கொண்டேன், காலண்டரில் பொட்டு விழுந்தது. அடுத்த மாதம் குழந்தை என்று நான் நினைத்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்கிற தெளிவோடு நினைத்தேன்.

அடுத்த மாதம் பொட்டு விழவேண்டிய நாளில் ஒன்றும் வரவில்லை. முப்பது நாள், முப்பத்தைந்து நாள், நாற்பது நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை என் தட்டில் ஒரு கரண்டி நெய்யைக் கூட்டினார். பப்பாளி வீட்டுக்குள் வருவது நின்றது. நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்து பார்த்தேன். ஒரே கோடு. மறுவாரம் இன்னொரு குச்சி. அதிலும் ஒரே கோடு.

நடுவில் என் தலை இருக்கிறதே. நான் தட்டாஞ்சாவடியில் லேபிள் அச்சடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். மை வாசனை, காகிதத் தூசு, போகவர வண்டியில் லாரிப் புழுதி. வாரத்தில் இரண்டு தடவையாவது தலைக்குத் தண்ணீர் படவில்லை என்றால் அரித்தே செத்துவிடுவேன். மாத நடுவில் நான் குளிப்பதை அத்தை கண்டுகொள்ளமாட்டார். நாள் தள்ளிப்போனபிறகு அவர் முகத்துக்காக அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தேன். அத்தை என் தலையைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டார். நான் குங்குமத்தைத் தொடும்முன் அவரே வந்து பொட்டு வைத்துவிட்டார். அது பொய்ப் பொட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதைச் சொல்வது? வரவும் இல்லை, உண்டாகவும் இல்லை, அழுக்குக்குக் குளித்தேன் என்றா? என் தலையை நான் கழுவ ஊர்ச்சம்மதம் வேண்டியிருக்கிறதே என்று அன்று வந்த கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். உப்புக்காற்றில் கழுவின தலை மறுபடி பிசுபிசுத்துப்போனதுதான் மிச்சம்.

டாக்டரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. நிதானமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆறு வருஷமா கடிகாரம் மாதிரி வந்துச்சுன்னு சொல்றீங்களே, அது உங்க பீரியட்ஸே இல்லம்மா. வெள்ளை மாத்திரைய நிறுத்துனதால வர்ற ரத்தம். அத்தனை வருஷமும் உங்க சினைப்பை லீவுல இருந்துது. முட்டையே வரல. இப்பதான் எழுந்து சோம்பல் முறிக்குது. மூணு மாசம் வரைக்கும்கூட ஆகலாம். ரெண்டு மூணு தடவை முன்னப்பின்ன வரும். பயப்படாதீங்க."

பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆறு வருடம் என் உடம்பின் ஒழுங்கு என்று நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் அட்டையின் ஒழுங்கு. அந்த மாத்திரையைக் கொடுத்தபோது யாராவது இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான்.

ஐம்பத்தெட்டாம் நாள் வந்தது. வயிற்றைப் பிசைந்துகொண்டு, இரண்டாம் நாள் எழுந்திருக்கமுடியாமல், சொந்தமாக வந்தது. கல்யாணத்துக்கு முன் இருந்த வலி அப்படியே இருந்தது. வலியை யாராவது வரவேற்பார்களா? நான் வரவேற்றேன். ஐந்தாம் நாள் தலைக்கு ஊத்திக்கொண்டு பொட்டு வைத்துவிட்டு மறுபடி டாக்டரிடம் போனேன்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கின?"

"ஏழாம் தேதி, சிஸ்டர்."

ஏழாம் தேதி என்று ஃபைலில் எழுதினார். கேட்டது என்ன, சொன்னது என்ன, எழுதினது என்ன என்று இன்று நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. போனில் நாள் கணக்கு வைக்க ஒரு செயலி இறக்கி வைத்திருந்தேன். அதுவும் தேதி கேட்டது. அடுப்படிக் காலண்டரில் இருந்த பொட்டின் தேதியைத் தட்டினேன். பதினைந்து வயதிலிருந்து எனக்குத் தேதி என்றால் குளித்த தேதிதான். அம்மா வீட்டிலும் அதே வழக்கம்தான்.

டாக்டர் ஃபைலைப் பார்த்து, பத்தாம் நாள் ஸ்கேனுக்கு வரச்சொன்னார். முட்டை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். முட்டை வெடிக்கிற நாளுக்கு முந்தின இரண்டு நாளும் அந்த நாளும்தான் முக்கியமாம். வெடித்து ஒரு நாள் கடந்தால் அந்த மாதம் போயிற்று. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியும் சொல்லாமலும் அத்தையிடம் சொன்னேன். அவர் கையை வீசினார்.

"இதுக்கு எதுக்கு டாக்டரு? தலைக்கு ஊத்துன பதினாலாம் நாளு. எங்க காலத்துலயே நர்சம்மா சொல்லியிருக்காங்க. அவன பன்னெண்டாம் நாளு வந்துடச் சொல்லு."

கூகுளும் பதினான்கு என்றுதான் சொன்னது. ஊருக்கே பதினான்கு. என் கணவர் இருபது நாள் முன்னாலேயே எழுதிக்கொடுத்தால்தான் லீவு கிடைக்கும், அத்தை சொன்ன கணக்கை வைத்து எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிப் பதினெட்டாம் தேதிக்கு வாங்கினார். பதினாறாம் தேதி நான் ஸ்கேனுக்குப் போனேன். டாக்டர் திரையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"வெடிச்சிடுச்சேம்மா" என்றார்.

தீபாவளிக்குக் கேட்கவேண்டிய வார்த்தை. நேற்றோ முந்தாநாளோ வெடித்திருக்கவேண்டும் என்றார். என் கணவர் பதினெட்டாம் தேதி காலை விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, இரண்டு கிலோ நேந்திரங்காய்ச் சிப்ஸோடு வந்து நின்றார். வெடித்த முட்டைக்கு விருந்தாளி. நான்கு நாளும் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டு சிப்ஸ் தின்றோம். அத்தை எங்களைச் சினிமாவுக்குப் போகச் சொன்னார், சீக்கிரம் படுக்கச் சொன்னார். அவருக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை.

அடுத்த மாதமும் இதே கதை. இருபத்தொன்பது நாளில் வந்தது, ஐந்தாம் நாள் குளியல், பொட்டு, நர்ஸ், ஃபைல், பத்தாம் நாள் ஸ்கேன். "வெடிச்சிடுச்சே." இரண்டு நாள் கழித்துச் சிப்ஸ். இம்முறை டாக்டர் சிரிக்கவில்லை. பத்து நாளுக்குள்ளேயே வெடிப்பது கொஞ்சம் சீக்கிரம்தான், இந்த வயதில் முட்டை குறைந்துகொண்டு வந்தால் சிலருக்கு இப்படி ஆகும், எதற்கும் அடுத்த தடவை மூன்றாம் நாள் ரத்தம் கொடுங்கள், பார்த்துவிடலாம் என்றார்.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. முட்டை குறைந்துவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அட்டை அட்டையாக மாத்திரை தின்றது நான்தானே? அரசமரம் என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தது? மாத்திரையால் முட்டை தீர்ந்துபோகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. வேலையில் ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் லேபிளில் தயாரித்த தேதி இருக்கவேண்டிய இடத்தில் பேக் செய்த தேதி அச்சாகியிருந்தது. நான்கு நாள் வித்தியாசம். கண்டுபிடித்து, மொத்த ரோலையும் நிறுத்தி, அச்சடித்தவரைக் கத்து கத்தென்று கத்தினேன். "ரெண்டும் ஒரே தேதியா? கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டேன். என் கண் எங்கே இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாவது மாதம் வந்தது. தலைக்கு ஊத்திக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசியை எடுத்த பெண் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ப்ளீடிங் எப்படிக்கா இருக்கு?"

"இல்லம்மா. நின்னு மூணு நாளாச்சு."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "மூணாம் நாள் டெஸ்ட்டுன்னு போட்டிருக்கு. மூணாம் நாள்னா ப்ளீடிங் இருக்கணுமேக்கா?"

"தலைக்கு ஊத்தி மூணாம் நாளு" என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. பேக் செய்த தேதி. நான்கு நாள்.

டாக்டர் ஃபைலை எடுத்து மூன்று மாதத்தையும் நான்கு நான்காகக் கூட்டினார். பத்து, பதினான்கானது. "ரத்தம் பட்ட முதல் நாள்தாம்மா ஒண்ணாம் நாளு" என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸோ, "நான் நாசூக்கா கேக்கறேன் டாக்டர், எல்லாருக்கும் புரியும்" என்றார். எல்லாருக்கும் புரியுமாம். எத்தனை பேரின் ஃபைலில் எத்தனை குளியல் தேதி இருக்கிறதோ. "உங்க முட்டை சரியான நாள்லதான் வெடிக்குது. உங்க வீட்டுக்காரர்தான் நாள் கழிச்சு வர்றாரு" என்றார் டாக்டர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டையும் செய்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல கோபத்தில் இருந்தேன். என் மாமனார் கூடத்தில் டிவி முன் சாய்ந்திருந்தார். அத்தை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தேன். அவர் மகனைப் பற்றி இவ்வளவு பச்சையாக அவரிடம் நான் பேசியதேயில்லை.

"உங்க பொட்டாலதான் அத்த எல்லாம் கெட்டுது. எண்ண வேண்டியது குளிச்ச நாள்லேருந்து இல்ல, பட்ட நாள்லேருந்து. பதினாலுன்னு நீங்க சொன்ன நாளு நெசமா பதினெட்டு. முட்டை போயி நாலு நாள் கழிச்சு உங்க புள்ள சிப்ஸோட வந்து நிக்கறாரு."

"பட்ட அன்னிக்கு குங்குமத்த எப்படித் தொடறது?" என்றார் அத்தை. அவருக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"அதான் அத்த. தொட முடியாததாலதான் பொட்டு எப்பவும் அஞ்சாம் நாள்ல விழுது."

அத்தை கீரையை ஆயும் கையை நிறுத்தினார். விரல்களை மடக்க ஆரம்பித்தார். நான்கு மடக்கி, பத்து மடக்கி, மறுபடி முதலிலிருந்து. நான் என் கோபத்திலேயே இருந்ததால் அவர் எனக்காகக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"நர்சம்மா பதினாலுன்னுதான் சொன்னா" என்றார். "எதுலேருந்துன்னு அவ சொல்லல. நாங்க கேக்கவும் இல்ல. அப்ப தவளக்குப்பத்துல இருந்தோம். உங்க மாமா பம்பாய்க்கு லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. தலைக்கு ஊத்துனதும் லாரி ஷெட்டுக்கு சேதி சொல்லி வுடுவேன், பதினாலாம் நாளு வந்துடணும்னு. எங்கெங்கயோ லோடு எறக்கிட்டு, தூங்காம ஓட்டிக்கினு வந்து நிப்பாரு. அஞ்சு வருசம். ஒருத்தி சீமந்தத்துக்குக்கூட என்னை உள்ள கூப்புட மாட்டாளுவ. வாசல்லயே தாம்பூலத்தக் குடுத்து அனுப்பிடுவாளுவ."

"அப்புறம் எப்படி அத்த...?"

"காலு முறிஞ்சு ரெண்டு மாசம் வீட்டோட கெடந்தாரு. அப்பதான் உன் வீட்டுக்காரன் உண்டானான். நான் தீ மிதிச்சதாலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்தேன். ஐந்து வருடம் அந்தப் பெண்ணை மலடி என்றிருக்கிறார்கள். அவர் அதே விரலால் எனக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து அடுப்படி வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"ஏங்க."

"என்னா?" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாலு நாளு லேட்டா வந்தீங்க. அஞ்சு வருசமா."

"யாரு? நானா? நான் சொன்ன நாளுக்குத்தான வந்தேன்?" என்றார் மாமா.

"ஆமா. சொன்ன நாளுக்குத்தான் வந்தீங்க" என்று சொல்லிவிட்டு, அத்தை மறுபடி கீரை ஆய உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் எனக்கு வந்த அன்று, கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் அத்தையிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். "நீ தொடாத, நான் வைக்கறேன்" என்று முதல் நாள் கட்டத்தில் பொட்டு வைத்தார். பிறகு என் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார். "டேய், எண்ணிக்கோ, இன்னிலேருந்து. பதினொன்னாம் நாளு இங்க இருக்கணும். லீவு இல்லன்னா காலு முறிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடு." என் கணவர் பதினொன்றாம் நாள் வந்தார். சிப்ஸ் வாங்கக்கூட நேரமில்லாமல் வந்தார். மறுநாள் ஸ்கேனில் டாக்டர், "இன்னும் வெடிக்கல, ரெண்டு நாள்ல வெடிக்கும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் வெளியே வந்து அவரிடம் மூன்று தடவை சொன்னேன்.

பிறகு காத்திருந்தோம். இருபத்தெட்டு போனது, முப்பது போனது. கணக்கை இந்த உடம்பு ஏற்கெனவே ஒருமுறை காற்றில் விட்டிருந்ததால் நான் எதையும் நம்பவில்லை. முப்பத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குச்சியைப் பார்த்தேன். இரண்டு கோடு. பார்த்துவிட்டு அதை ஒரு பழைய லேபிள் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். அப்புறம், இனி எதற்குப் பயப்படவேண்டும் என்று, இரண்டு வாரத்து அழுக்கும் போக ஷாம்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்தேன்.

வெளியே வந்ததும் அத்தை என் தலையைப் பார்த்தார். கையிலிருந்த மாவுக் கரண்டியை ஆட்டிக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

"எப்ப ஆன? முதல் நாளே சொல்லணும்னு சொன்னேனா இல்லியா? இப்ப தலைக்கு ஊத்திக்கினு வந்து நிக்கற! மறுபடியும் நாலு நாளு போச்சு! எண்ணிக்கையெல்லாம் போச்சு!"

"எண்றதுக்கு ஒண்ணுமில்ல அத்த" என்றேன். "தலை அரிச்சுது. ஊத்திக்கினேன்."

அவர் காலண்டரைப் பார்த்தார். அந்த மாதத்தின் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பிறகு என் முகத்தைப் பார்த்தார். தோசை கருகுகிற வாசனை வந்தது, இரண்டு பேரும் அடுப்பைத் தொடவில்லை. அத்தை கரண்டியோடு கூடத்துக்குப் போய் டிவியை நிறுத்தினார்.

"என்னா?" என்றார் மாமா.

"உங்க புள்ள லேட்டா வரல" என்றார் அத்தை.